ஷம்ஷேர் கானின் மனைவி

தாமலில் இருந்து காஞ்சிபுரம் வந்து வடக்கே போனால் புள்ளலூர். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை அங்கேதான் நொறுக்கினார்கள். அந்தப் படையெடுப்பில் ஆற்காடு நவாபின் சீமையில் இருந்து, அதாவது நம்ம ஊர்ப் பக்கமிருந்து, பிள்ளைகள் மைசூருக்கு ஓட்டிச் செல்லப்பட்டார்கள். அவர்களைப் பற்றித் தெரிய நாம் ஒரு வெள்ளைக்காரப் பையனின் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

ஜேம்ஸ் ஸ்கரி, கப்பல் பையன். 1782-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து ஹைதரிடம் ஒப்படைத்தார்கள். சுன்னத் செய்து, ஷம்ஷேர் கான் என்று பெயர் வைத்து, சேலா படையில் சேர்த்தார்கள். சுமார் பத்து வருடம் கழித்துத் தப்பி வந்தவனுக்கு நாற்காலியும் முள்கரண்டியும் அந்நியம், இங்கிலீஷே திக்கியது. 1824-ல் அவன் கதை அச்சானது.

டேட்டாபேஸில் ஒருவர் பெயரை மாற்றினாலும் பின்னால் இருக்கிற ஐடி மாறாது. மனுஷனுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது என்று நம்பத்தான் நமக்கு ஆசை. ஆனால் ஷம்ஷேர் கான் வெறும் வேஷம் இல்லை. பத்து வருடம் அந்தப் பெயரில் சாப்பிட்டு, தூங்கி, குடும்பம் நடத்தியிருக்கிறான். உக்ரைன் பிள்ளைகளைக் கொண்டுபோனதற்காக 2023 மார்ச்சில் புதின் மீது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை போட்டது. பிள்ளைகளைத் திருப்பி அனுப்பு என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் தாமதமாகும் ஒவ்வொரு வருடமும், திரும்பி வருவது வேறு ஆள். பறித்தவன் செய்த அந்தப் புது ஆளையும் நாம் மதித்தாக வேண்டும். இந்தக் குற்றத்தில் எனக்குத் தாங்க முடியாத இடம் அதுதான்.

(இதை மதச் சண்டைக்குத் தூக்கிப் போகிறவர்கள் எழும்பூரையும் பார்க்கட்டும். 1789-ல் ஆண்ட்ரூ பெல் பொறுப்பேற்ற அனாதை விடுதியில் ஐரோப்பியச் சோல்ஜர்களின் பிள்ளைகளை இந்தியத் தாய்களின் சகவாசம் படாமல் வளர்ப்பதே கொள்கை.)

குடும்பம் என்றேன். இந்தப் பையன்களுக்குக் கட்டிவைக்க வரிசையில் நிறுத்தப்பட்டவர்கள், நம்ம சீமையில் இருந்து ஓட்டிப்போன அந்தச் சிறுமிகள். ஸ்கரி தப்பியபோது மனைவியை விட்டுவிட்டுத்தான் வந்தான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கல்யாணத்தை அவன் கேட்கவில்லை. அவளும்தான் கேட்கவில்லை. ஆனால் ஓடிப்போக அவனுக்கு ஒரு பழைய பெயர் இருந்தது, அதைக் கேட்டால் கதவு திறக்க ஒரு கம்பெனி இருந்தது. அவளைச் சிறுமியாக வீட்டில் இருந்து ஒருமுறை பிரித்தார்கள். இரண்டாவது முறை பிரிந்து போனவன் அவளைப் போலவே பறிக்கப்பட்டவன்.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது அவள் உயிரோடு இருந்திருந்தால் முப்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். தாமலா, வந்தவாசியா, எந்த ஊர் என்று சொல்ல அவளுக்கு யார் மிச்சம்?