ஏடும் தூண்டிலும்

1885ஆம் ஆண்டு, ஏப்ரல் திங்கள் 5ஆம் நாள். உயிர்த்தெழுந்த ஞாயிறு என்று கிறித்தவ உலகம் கொண்டாடும் திருநாள். அன்று கொரிய நாட்டின் ஜெமுல்போ துறைமுகத்தில் இரண்டு இளைஞர்கள் கரையிறங்கினர். ஒருவர் ஹென்றி அப்பென்செல்லர், வயது 27. மற்றவர் ஹொரேஸ் அண்டர்வுட், வயது 25. இருவரும் அமெரிக்காவில் சமயக் கல்வி முடித்தவர்கள். இளவேனில் தொடங்கும் வேளை. மலைச்சரிவுகளிலே மஞ்சள் பூவும் செம்பூவும் மலரத் தலைப்படும் பருவம். வந்தவர்கள் பூக்காண வரவில்லை. ஏசுவின் நற்செய்தியை எடுத்துரைக்க வந்தார்கள். ஆனால், "எதற்காக வந்தீர்?" என்று அந்நாட்டு அதிகாரி கேட்டால், அந்த விடையைச் சொல்ல இயலாத நிலை. "பாடம் சொல்லித்தர வந்தோம்" என்றுதான் சொல்ல வேண்டும்!

ஏன் இந்த நிலை? 1866இல் கொரிய அரசு கத்தோலிக்கரை வேட்டையாடியது. ஆயிரக்கணக்கானோர் வெட்டுண்டு மாண்டனர். 1882இல் அமெரிக்காவோடு உடன்படிக்கை ஏற்பட்டது. வாணிபத்துக்கு வழி திறந்தது. மதப் பிரசாரத்துக்கு அந்த உடன்படிக்கையில் இடமில்லை. மருத்துவன் வரலாம், ஆசிரியன் வரலாம், பாதிரி வரலாகாது. எனவே பாதிரி, ஆசிரியனாக வந்தான்.

அந்த ஆண்டு ஆகஸ்டிலே இரண்டே மாணவர்களை வைத்துக்கொண்டு அப்பென்செல்லர் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கினார். மறு ஆண்டு மன்னர் கோஜோங் அந்தப் பள்ளிக்குப் பேஜே ஹாக்டாங் என்று பெயரிட்டுப் பலகையும் அளித்தார். பயனுள்ள மாந்தரை உருவாக்கும் கூடம் என்பது பொருள். மன்னருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை. மாணவனுக்கோ உத்தியோகம் தேவை. ஏன் ஆங்கிலம் பயில்கிறாய் என்று கேட்டால், பதவி பெற என்று அவன் ஒளிக்காமல் விடையிறுத்தான். ஆசிரியரோ ஆன்மாவைத் தேடினார். மூவரும் மூன்று எண்ணத்தோடு ஒரே கூடத்தில். நடுவிலே, ஒன்றும் அறியாத ஆங்கில நெடுங்கணக்கு! 1887இலேயே மாணவர் ஒருவர் திருமுழுக்குப் பெற்றார்.

இங்கே நாம் நின்று எண்ணிப் பார்க்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மறைத்து வைத்த நோக்கத்தோடு தரப்படும் நன்மை, நன்மைதானா?

"தூண்டில், வெறும் தூண்டில்!" என்று ஒரு சாரார் முடித்துவிடுவர். ஏசுநாதரே மீனவரை அழைத்து மனிதரைப் பிடிப்போராக்கினார் என்று விவிலியம் கூறுகிறதே, வேறென்ன சான்று வேண்டும் என்பர். "கடல் கடந்து வந்து கண் திறந்த வள்ளல்கள்!" என்று மற்றொரு சாரார் மாலை சூட்டுவர். இரண்டும் எளிய வேலை. வெறுப்பவனும் சிந்திக்க வேண்டியதில்லை, வணங்குபவனும் சிந்திக்க வேண்டியதில்லை. பகுத்தறிவாளன் என்று பெயர் வைத்துக்கொண்டவனுக்கு அந்த வசதி இல்லை.

முதலில் வளர்ந்தவனை எடுத்துக்கொள்வோம். பேஜே பள்ளிக்கு வந்த இளைஞன் ஏமாளி அல்லன். வெள்ளைக்காரர் எந்த மதத்தவர் என்பது அவனுக்குத் தெரியும். பதவிக்கு ஏணி வேண்டும், ஏணியைத் தருகிறார், ஏறுவோம், வேதம் பேசினால் ஒரு காதால் கேட்போம் என்று கணக்குப் போட்டு வந்தான். பேரம் என்றால் பேரம். அதிலே ஏமாற்று இல்லை. அதுமட்டுமன்று, அப்பென்செல்லர் இலவசச் சோற்றுக்கு மாணவரைப் பழக்கவில்லை. பள்ளியை ஒட்டி அச்சகமும் புத்தகம் கட்டும் கூடமும் அமைத்து, ஏழை மாணவர் உழைத்துப் படிக்க வழிசெய்தார். உழைத்துப் பெற்ற கல்விக்கு யாருக்கும் தலைவணங்கி நன்றிக்கடன் தீர்க்க வேண்டியதில்லை. இந்த நுட்பத்தை அவர் அறிந்தே செய்தாரா என்பது வேறு. மாணவனின் முதுகெலும்புக்கு அது நல்லது செய்தது.

குழந்தையின் கதை வேறு.

மேரி ஸ்கிராண்டன் அம்மையார் ஐம்பதைக் கடந்த கைம்பெண். 1885இல் சியோல் நகர் வந்து பெண்களுக்கென்று பள்ளி தொடங்க முனைந்தார். 1886 மே திங்களில் முதல் மாணவி வந்தாள், அதிகாரி ஒருவரின் ஆசைநாயகி. ஆங்கிலம் கற்று அரசியாருக்கு மொழிபெயர்ப்பாளராகும் ஆசை அவளுக்கு. மூன்று மாதத்தில் போய்விட்டாள். நிலைத்து நின்ற முதல் மாணவி, ஜூனில் வந்த ஓர் ஏழைச் சிறுமி. வறுமை தாங்காமல் தாய் கொண்டுவந்து விட்டாள்.

இளவேனில் என்றால் பூ என்பது பாவலர் கணக்கு. கொரிய உழவனின் கணக்கு வேறு. சென்ற ஆண்டு நெல் தீர்ந்துபோகும். வாற்கோதுமைக் கதிரோ இன்னும் முற்றியிராது. இடைப்பட்ட அந்த வாரங்களைக் கடப்பது மலையேறுவது போன்றது என்பதால், வாற்கோதுமை மேடு என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். பேரிமரம் பூத்துக் குலுங்கும்போதே பானை காலியாக இருக்கும். அத்தகைய நாட்டில், பசித்த தாய், மகளைப் பிறர் கையில் ஒப்படைக்கிறாள் என்றால் அதைச் சம்மதம் என்று எப்படி எழுதுவது?

அண்டை வீட்டார் அந்தத் தாயைத் தூற்றினர். இன்று சோறு போடுவாள், நாளை அமெரிக்காவுக்குத் தூக்கிப் போவாள், பெற்றவளா நீ என்று கேட்டனர். தாய் நடுங்கினாள், மகளைத் திருப்பிக் கேட்டாள். அம்மையார் ஒரு தாளெடுத்து உறுதிமொழி எழுதிக் கொடுத்தார்: உன் சம்மதமின்றி இந்தக் குழந்தையைக் கொரியாவுக்கு வெளியே மட்டுமல்ல, பத்து லீ தொலைவுக்குக்கூடக் கொண்டுபோகேன் என்பது அதன் கருத்து. பத்து லீ என்பது ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர்.

நேர்மையான தாள், ஐயமில்லை. வாக்குத் தவறினார் என்று வரலாறு சொல்லவுமில்லை. ஆனால் தோழர்களே, அந்தத் தாளை மீண்டும் ஒருமுறை படியுங்கள். உடலைப் பத்து லீ தாண்டிக் கொண்டுபோகேன் என்றார். உள்ளத்தை? தாய் வணங்கிய தெய்வத்தைப் பேய் என்று மகள் சொல்லும் தொலைவுக்கு, பாட்டன் படையலைப் பாவம் என்று எண்ணும் தொலைவுக்கு, அந்தச் சிறுமி நடத்திச் செல்லப்படலாம். அது எத்தனை லீ? தாய் அதைக் கேட்கவில்லை, கேட்கத் தெரியாது. அம்மையார் சொல்லவில்லை, சொல்லத் தெரியும். குற்றம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்த இடைவெளியிலேதான் இருக்கிறது. கற்பித்ததில் இல்லை, கனிவில் இல்லை, நம்பிக்கை கொண்டிருந்ததிலும் இல்லை.

பாட்டன் படையல் மூடத்தனம்தானே, அது போனால் என்ன என்று நம்மிலே ஒருவர் கேட்கக்கூடும். போகட்டும். ஆனால் ஒரு மூட நம்பிக்கையை மற்றொரு நம்பிக்கை வந்து, குழந்தைக்குத் தெரியாமல், சோற்றோடு சேர்த்து ஊட்டி அகற்றுமானால், அங்கே அறிவு வென்றதாகக் கொள்ள முடியுமா? வீட்டுக்காரன் மாறினான், வீடு பூட்டியபடியே கிடக்கிறது.

இதற்கு மறுப்பாக வலுவான வாதம் ஒன்று உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நோக்கத்தை வெளியே சொன்னால் தலை போகும் என்ற நாட்டில், மறைப்பது எப்படிக் குற்றமாகும்? 1866இன் குருதி காய்ந்து இருபதாண்டு ஆகவில்லை. 1888 இளவேனிலில் அப்பென்செல்லரும் அண்டர்வுட்டும் வடக்கே சுற்றுப்பயணம் சென்றிருந்தபோதுகூட, பிரசாரத்துக்குத் தடை என்று திரும்ப அழைக்கப்பட்டனர். அதே கோடையில், வெளிநாட்டார் குழந்தைகளைத் திருடுகின்றனர் என்ற வதந்தி கிளம்பிச் சியோலில் கலகம் மூண்டது. மனிதன் எதை நம்பலாம், எதைப் பேசலாம் என்று வாளால் வரையறுக்கும் அரசுக்கு நாம் வக்காலத்து வாங்க முடியாது. அரசிடம் மறைத்ததை நான் மன்னிப்பேன். தாயிடம் மறைப்பது வேறு. அரசிடம் வாள் இருந்தது. தாயிடம் என்ன இருந்தது?

இனி, விளைவைப் பார்ப்போம். இங்கேதான் கதை பாதிரிமாரின் கையைவிட்டும், அவர்களைப் பழிப்போரின் கையைவிட்டும் நழுவி ஓடுகிறது.

கொரிய மக்களுக்குச் சொந்த எழுத்து உண்டு. மன்னர் செஜோங் காலத்தில், 1446இல், முறையாக வெளியிடப்பட்ட எளிய எழுத்து. ஆனால் மேட்டுக்குடியினர் அதைத் தாழ்வாகக் கருதினர். சீன எழுத்தே தேவ எழுத்து, சீன நூலே நூல், அதிலே தேர்வு எழுதியவனே அறிஞன்! (இந்த நோய் எந்தெந்த நாட்டில் எந்தெந்தப் பெயரில் இருந்தது என்று நான் விரித்துரைக்கத் தேவையில்லை.) பெண்களையும் ஏழைகளையும் நாடிய பாதிரிமார், அவர்களுக்கு எட்டும் அந்த எழுத்திலேயே விவிலியத்தை அச்சிட்டனர். நோக்கம் வேதம், கைகூடியது தாய்மொழி எழுத்துக்கு அச்சும் மதிப்பும். கால்டுவெலை அறிந்த நமக்கு இது வியப்பன்று.

பேஜே பள்ளி மாணவர் ஜூ சிக்யோங். ஆங்கில இலக்கணம் கற்றவர், நம் மொழிக்கு இலக்கணம் எங்கே என்று கேட்கத் தொடங்கினார். 1896 ஏப்ரல் 7இல் சோ ஜேபில் தொடங்கிய 'சுதந்திரம்' என்னும் ஏட்டில் பணிபுரிந்தார். சீன எழுத்தை விலக்கிக் கொரிய எழுத்திலும், கூடவே ஆங்கிலத்திலும் வந்த ஏடு அது. 1914இல் மறையும் வரை தாய்மொழி ஆய்வே அவர் வாழ்வு. அண்டர்வுட்டின் அனாதைப் பள்ளியில் வளர்ந்த கிம் க்யூசிக், 1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டிற்குச் சென்று, ஜப்பான் பறித்துக்கொண்ட தன் நாட்டுக்காக வாதாட முயன்றார். அதே பேஜே பள்ளிக்கு ஆங்கிலத்துக்காக மட்டுமே வந்த சிங்மன் ரீயும் உண்டு. குடியரசுத் தலைவரானார், கொடுங்கோலரானார், 1960 ஏப்ரலில் மாணவர் புரட்சி அவரை விரட்டியது. விதைத்தவர் எண்ணியபடி விளைந்தது எது?

மொழி கற்பிப்பதில் இந்த விந்தை இருக்கிறது. சோற்றைக் காட்டி மதம் மாற்றினால் சோறு தீர்ந்துவிடும். கட்டு மட்டும் எஞ்சும். மொழி தீராது. அது சாவி. சாவியைக் கொடுத்தவன், இந்த அறையை மட்டும் திற என்று ஆணையிட இயலாது. ஆங்கிலம் கற்ற மாணவன் மத்தேயுவையும் படிப்பான், இங்கர்சாலையும் படிப்பான். தூண்டிலில் கோத்த புழுவே மீனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்த கதை! ஆயினும், இதைச் சொல்லித் தூண்டில் போட்டவரை விடுவிக்க முடியாது. நல்ல விளைவு வந்தது அவருடைய கணக்கில் அன்று. மாணவரின் மூளைக் கணக்கில்.

ஹோமர் ஹல்பர்ட் என்ற இளைஞரையும் இங்கே நினைக்க வேண்டும். அவரும் இறையியல் மாணவர்தாம். 1886இல், 23 வயதில், மன்னரின் அரசுப் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியராக வந்தார். அரசின் ஊதியம், அரசின் பாடம். கொரிய எழுத்தைக் கற்று, அதிலேயே உலகப் புவியியல் நூல் ஒன்றை எழுதினார். உங்கள் எழுத்து இத்தனை சிறந்ததாயிருக்க நீங்களே இகழ்கிறீர்களே என்று வருந்தினார். பின்னர் அந்நாட்டு விடுதலைக்காக வெளிநாடுகளில் வாதாடினார். 1949இல் சியோலுக்குத் திரும்பி அங்கேயே மாண்டார். அவர் சமய நம்பிக்கையை விட்டவர் அல்லர். ஆனால் வகுப்பறையில் எதற்காக நிற்கிறார் என்பது மன்னருக்கும் தெரியும், மாணவனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இன்றும் இது பழங்கதையாகிவிடவில்லை. கல்லூரி முடித்த இளைஞர்கள் ஓர் இளவேனிற் பருவத்தை ஒதுக்கி, வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் புறப்படுகின்றனர். பெட்டியிலே பாடநூல், நெஞ்சிலே நற்செய்தி. கூடாரம் தைத்துப் பிழைத்துக்கொண்டே பவுல் பிரசங்கம் செய்தார் என்பதால், இத்தகையோரைக் கூடாரக்காரர் என்றே அழைப்பர். வெளிநாட்டார் மதம் பரப்பலாகாது என்று சீனா 1994இல் விதி வகுத்தது. அங்கே செல்வோர் ஆசிரியர் என்ற சீட்டோடுதான் செல்கின்றனர். அவர்களில் பலர் உண்மையிலேயே குழந்தைகளை நேசிப்பவர்கள் என்பதை நான் ஐயுறவில்லை. நான் கேட்பது ஒன்றே: நற்செய்தியை வேண்டாம் என்ற குழந்தைக்கு மறுநாளும் அதே முகமலர்ச்சியோடு இலக்கணம் சொல்லித் தரப்படுகிறதா?

இந்தக் கேள்வியை அவர்கள் மீது வீசிவிட்டு நாம் நழுவிவிடவும் கூடாது. கொள்கை கொண்டவன் எவனாயினும் கரும்பலகை முன் நின்றால் இதே இக்கட்டு. பிஞ்சு உள்ளங்கள் நாற்பது எதிரே அமர்ந்து, நான் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்கின்றன. கடவுள் இல்லை என்று சொன்னாலும் எழுதிக்கொள்ளும். உண்டு என்றாலும் எழுதிக்கொள்ளும். எழுதிக்கொள்கிறதே என்ற காரணத்தாலேயே எனக்கு அச்சம் பிறக்கிறது. மாலையில் படிப்பகம் நடத்தும் நண்பர்களும் இதை எண்ணட்டும். எண்ணும் எழுத்தும் என்று வாயிலில் எழுதிவிட்டு உள்ளே வேறொன்றும் தருகிறோம் என்றால், அதையும் வாயிலில் எழுதுவதற்கு என்ன தடை? எதிர்த்துக் கேட்கும் சிறுவனைப் பாராட்டுகிறோமா, நம் பக்கம் நின்று எதிர்த்தால் மட்டும் பாராட்டுகிறோமா?

ஸ்கிராண்டன் அம்மையாரின் பள்ளிக்கு 1887இல் அரசவை இஹ்வா என்று பெயர் சூட்டியது. பேரிப்பூ என்று பொருள்; இளவேனிலின் வெண்பூ. அம்மையார் 1909இல் மறைந்து சியோலிலேயே அடக்கமானார். பத்தாண்டு கழிந்தது. 1919 மார்ச் முதல் நாள், விடுதலை முழக்கம் நகரெங்கும் எழுந்தபோது, பள்ளித் தலைமை வாயிலை அடைத்தது என்றும், மாணவியர் மதிலேறிக் குதித்தனர் என்றும் கூறுவர். அவர்களில் ஒருத்தி யூ க்வான்சுன், கிறித்தவக் குடும்பத்துப் பெண். பள்ளி மூடப்பட்டதும் ஊர் திரும்பி, ஏப்ரல் முதல் நாள் சந்தைத் திடலில் மக்களைத் திரட்டினாள். பெற்றோர் இருவரையும் அங்கேயே சுட்டு வீழ்த்தினர். அவள் 1920 செப்டம்பரில் சிறையில் மாண்டாள், பதினெட்டு நிறையவில்லை. அவள் உடலைத் தரவேண்டும் என்று ஜப்பானிய அதிகாரிகளிடம் வாதாடிப் பெற்று அடக்கம் செய்தவர்கள், வாயிலை அடைத்த அதே பள்ளியின் அமெரிக்க ஆசிரியைகள்.