பாலர் பள்ளியில் ஆடவர்

நோர்வே நாட்டுப் பாலர் பள்ளிகளில் பணிபுரிவோருள் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் ஆண். வடகடலுக்கு இப்பாலுள்ள இங்கிலாந்திலோ நூற்றுக்கு மூவரைக் காண்பதே அரிது. இரண்டும் செல்வம் மிக்க நாடுகள். பெண் விடுதலை பற்றி உலகுக்கு உபதேசிக்கும் நாடுகள். அவ்வாறாயின் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

நிச்சயமாக இயற்கையிலிருந்து வந்ததன்று. இத்துறையில் ஆண்களின் தொகையை நூற்றுக்கு 20 ஆக உயர்த்துவதென நோர்வே அரசு 1990களில் இலக்கு வகுத்தது. குழந்தைப் பராமரிப்பிலும் ஆசிரியத் தொழிலிலும், தகுதி ஒத்திருக்குமிடத்து ஆணுக்கு முன்னுரிமை வழங்க 1998ஆம் ஆண்டின் விதியொன்று இடமளித்தது. 2004இல் பெற்றோர் செலுத்தும் கட்டணத்துக்கு உச்ச வரம்பு இடப்பட்டது. 2009இல் ஒரு வயதுக் குழந்தைக்கும் பாலர் பள்ளியில் இடம்பெறும் சட்ட உரிமை கிடைத்தது. இங்கிலாந்திலோ குழந்தைப் பராமரிப்பின் பெரும்பகுதி தனியார் சந்தையிடம் விடப்பட்டது. அங்கு இப்பணியாளர் பலரின் ஊதியம், சட்டம் விதித்த ஆகக்குறைந்த கூலியை ஒட்டியே நிற்கிறது. சிறு குழந்தைகளை நாடிவரும் ஆணை ஐயக்கண் கொண்டு நோக்கும் வழக்கமும் அதனோடு சேர்ந்துகொண்டது.

ஆனால் நோர்வேயின் வழி நியாயமானதா? மந்திரி சபைகளிலும் வர்த்தக மன்றங்களிலும் முன்வரிசையைத் தமதாக்கிக் கொண்டவர்களுக்கு இங்கும் முன்னுரிமையா? 'ஆண்கள் வந்தால் தொழிலின் மதிப்பு உயரும், சம்பளமும் உயரும்' என்று விடை கூறுவோர் உளர். இதைவிடப் பெண்ணை இழிவுபடுத்தும் வாதம் வேறில்லை. அவள் ஆண்டாண்டாய் உழைத்தபோது இல்லாத மதிப்பு, அவன் வாயிலில் கால் வைத்ததும் பிறக்குமாம்!

வேறொரு நியாயம் உண்டு. அதையே நான் ஏற்பேன். ஊட்டுவதும் துடைப்பதும் தாலாட்டுவதும் பெண்ணின் விதி என்ற பாடத்தைக் குழந்தை எந்நூலிலும் படிப்பதில்லை. நாள்தோறும் கண்ணால் கண்டே கற்கிறது. அப்பாடத்தைக் கண்ணால் காட்டியே மாற்ற முடியும்.

வரலாறும் இதற்குச் சான்று. 1816இல் ஸ்கொத்லாந்தின் நியூ லனார்க்கில், ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக ரொபேர்ட் ஓவன் சிறுவர் பாடசாலை திறந்தபோது, மழலைகளை ஒப்படைத்தது ஜேம்ஸ் புக்கானன் என்னும் நெசவாளியிடம். அவருக்குத் துணையாக மொலி யங் என்ற இளம்பெண் இருந்தாள். புத்தக அறிவன்று, குழந்தைகளிடத்துப் பொறுமையே ஓவன் அவர்களிடம் நாடிய தகுதி. 'பெண்மையின் இயல்பு' என்று பின்னாளில் பேசப்பட்டது அன்று ஒரு நெசவாளியிடமும் இருந்தது. தொழில் முற்றாகப் பெண்கள் கைக்கு வந்தபின், அன்புக்கு விலையில்லை என்ற சாக்கில் கூலி தாழ்ந்தே கிடந்தது.

ஆயினும் தொகையை மட்டும் நம்புவதற்கில்லை. நோர்வேயின் பாலர் பள்ளிகள் காட்டிலும் பனியிலும் குழந்தைகளை உலாவ விடுவதற்குப் பேர்போனவை. ஆண் ஆசிரியர் வெளியே நெருப்பு மூட்டிக்கொண்டிருக்க, உள்ளே பெண்ணே நனைந்த துணியை மாற்றிக்கொண்டிருந்தால், குழந்தை பழைய பாடத்தையே மீண்டும் படிக்கிறது. புள்ளிவிபரத்தில் அது தெரியாது.

பிறரைக் குறை கூறுமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மேல்வகுப்பில் இலக்கணம் படிப்பிக்கும் என்னை நாளை பாலர் வகுப்புக்குப் போகப் பணித்தால், அதைத் தண்டனை இடமாற்றம் என்றே கொள்வேன். சம்பளத்தில் ஒரு சதமும் குறையாதென்று உறுதி தந்தாலும் அப்படித்தான்.