யார் சொல்லை நம்பி மாற்றுவது?

பழைய மதர்போர்டில் புதிய பிராசசரைப் பொருத்திப் பவர் பட்டனை அழுத்தினால் சில சமயம் இப்படி நடக்கும். விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கருப்பாகவே கிடக்கும். 'நீ யாரென்று எனக்குத் தெரியவில்லை' என்றுகூட அந்தப் போர்டு சொல்லாது. சொல்வதற்கே முதலில் பிராசசர் எழுந்திருக்க வேண்டுமே! ஏஎம்டியின் ரைசன் வகையில் நடப்பதைச் சொல்கிறேன். மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது, நாம் காசு கொடுத்து வாங்கிய ஆறு கோர்களோ எட்டு கோர்களோ இல்லை. பிராசசருக்குள் ஓர் ஓரமாக இருக்கும் சின்ன ஏஆர்எம் கோர் ஒன்றுதான். அது போர்டிலுள்ள பயாஸ் சிப்பை, அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல் இருக்கும் சிப்பைப் படித்து, தன் தலைமுறைக்கென்று எழுதப்பட்ட பகுதியைத் தேடும். கிடைத்தால் ராமைத் தயார் செய்துவிட்டுப் பெரிய கோர்களை எழுப்பும். கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும். பல போர்டுகளின் ஓரத்தில் 'சிபியு' என்று எழுதிய இடத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

அந்தப் பிராசசருக்காகப் புதிய பயாஸ் ஏற்றலாம். ஆனால் பெரும்பாலான போர்டுகளில் பயாஸ் ஏற்றவே ஓடுகிற பிராசசர் ஒன்று வேண்டும். அதாவது, புதியவர் வருவதற்கு முன்பே அவரைப் பற்றிப் பழையவர் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்தில் கணினி பொருத்தித் தருவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். கடையில் இந்தச் சிவப்பு விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் வகுப்பில் படித்த ஒரு கேள்வி முன்னால் வந்து நிற்கும். அறியாத ஒன்றை அறிவது எப்படி? தேடுகிறவனுக்கு அது இன்னதென்று தெரியாதபோது, எதிரில் வந்து நின்றாலும் அதுதான் இது என்று எப்படிக் கண்டுகொள்வான்? பிளேட்டோவின் 'மெனோ' உரையாடலில் இந்தக் கேள்வி வருகிறது. உயிர் ஏற்கெனவே அறிந்திருந்ததை நினைவுகூர்கிறது என்பது அங்கே கிடைக்கும் விடை. நம் மரபு வேறு வழியில் போயிற்று.

கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஒரு தம்பி என் கடைக்கு வருவார். பி450 சிப்செட் போர்டில் ரைசன் 5 1600 வைத்திருந்தார். 5600 போட வேண்டும் என்றார். இரண்டுமே ஏஎம்4 சாக்கெட், இரண்டுக்கும் ஆறு கோர்கள், இரண்டும் 65 வாட். குழியில் அழகாக உட்காரும். அவருடைய கேள்வி அதுவல்ல. "சப்போர்ட் உண்டுன்னு லிஸ்ட்ல போட்டிருக்கான்க்கா. நம்பலாமா? முகூர்த்த சீசன்ல மெஷின் படுத்தா நான் செத்தேன்."

நம்பலாமா என்ற அந்த ஒரு சொல்லுக்குத்தான் இந்த நாட்டில் நூற்றாண்டுக் கணக்கில் வாதம் செய்திருக்கிறார்கள். மணிமேகலையின் சமயக்கணக்கர் பகுதியில், அறிவுக்கு வாயிலாக அமையும் அளவைகள் பத்து, எட்டு, ஆறு என்று ஆசிரியருக்கு ஆசிரியர் எண்ணிக்கை மாறும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே அந்தப் பட்டியலை எடுத்து வைத்து, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்கிறார். கண்ணால் காண்பது, கண்டதை வைத்து ஊகிப்பது, அறிந்தவர் சொல்லக் கேட்பது. இன்று படித்தவர்களில் பலர் மூன்றாவதை மட்டமாக நினைக்கிறார்கள். நானே சோதித்துப் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்பது பெருமையாகிவிட்டது. என் தொழிலில் அந்தப் பெருமை செல்லாது. பிராசசரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் 1,331 பின்கள் தெரியும். இந்தப் போர்டு இதை ஏற்குமா என்பது தெரியாது. ஊகமும் உதவாது. சாக்கெட் ஒன்று, சிப்செட் ஒன்று, ஆகவே ஓடும் என்று ஊகித்தால் அந்தக் கருப்புத் திரைதான் பதில். உரை ஒன்றே வழி. போர்டு செய்தவன் வெளியிடும் பட்டியலில், இந்தப் பிராசசருக்கு இந்த எண்ணுள்ள பயாஸ் முதல் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை நம்பித்தான் பல ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது.

யாருடைய உரை செல்லும் என்பதற்கு நியாய நூலார் தெளிவாக இலக்கணம் சொல்லியிருக்கிறார்கள். பொருளை நேரே அறிந்தவனாக இருக்க வேண்டும்; அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவனாக இருக்க வேண்டும். அவன் முனிவனாக இருந்தாலும் சரி, வேற்று நாட்டானாக இருந்தாலும் சரி. இந்தத் தாராளம் எனக்கு மிகவும் பிடிக்கும். தைவானில் உட்கார்ந்து பயாஸ் எழுதும் முகம் தெரியாத பொறியாளரும் இந்த இலக்கணத்துக்குள் வருகிறார்.

ஆனால் ஏஎம்4 சாக்கெட்டின் கதையைக் கூடவே இருந்து பார்த்தவள் என்ற முறையில், அந்த இலக்கணத்தில் ஒன்று குறைவதாக எனக்குப் படுகிறது. முதல் ரைசன் 2017 மார்ச்சில் வந்தது. இந்தச் சாக்கெட்டை 2020 வரை தாங்குவோம் என்றது ஏஎம்டி. பி450 போர்டுகள் 2018இல் வந்தபோது, அடுத்தடுத்த பிராசசரும் இதில் உட்காரும் என்று நினைத்துத்தான் எல்லோரும் வாங்கினார்கள், நானும் அப்படிச் சொல்லித்தான் விற்றேன். 2020 மே முதல் வாரத்தில், வரவிருக்கும் ஜென் 3 பிராசசர்கள் (தம்பி கேட்ட 5600 இந்தத் தலைமுறைதான்) பி450, எக்ஸ்470 போர்டுகளில் ஓடாது என்று அறிவித்தார்கள். பல போர்டுகளில் பயாஸ் சிப் வெறும் 16 எம்பி. அத்தனை தலைமுறைப் பிராசசர்களுக்குமான நிரலையும் அதற்குள் அடைக்க முடியாது என்பது காரணம். காரணம் பொய்யில்லை. 2019இலேயே ஒரு போர்டு நிறுவனம் தன் பயாஸின் படம் போட்ட அழகிய திரையைக் களைந்து, எளிய திரை வைத்து இடம் பிடித்தது. ஆனாலும் வாங்கியவர்கள் கொதித்தார்கள். இரண்டே வாரத்தில் ஏஎம்டி முடிவை மாற்றியது. ஜென் 3க்கு பயாஸ் தருவோம், ஆனால் சில பழைய பிராசசர்களுக்கான ஆதரவு நீங்கும், ஒருமுறை ஏற்றினால் பழைய பயாஸுக்குத் திரும்ப முடியாது என்றது. பிறகு 2022இல், எல்லாவற்றிலும் மூத்த 300 வரிசைப் போர்டுகளுக்கும் கதவைத் திறந்தது.

இதில் அறியாமை எங்கே இருந்தது? அவர்கள் பொருளை நேரே அறிந்தவர்கள். பொய் சொல்லும் எண்ணம் இருந்ததாகவும் நான் நினைக்கவில்லை. நியாய நூலார் கேட்ட இரண்டும் இருந்தும் சொல் ஆட்டம் கண்டது. ஏனென்றால் சொல்லப்பட்டது நடந்து முடிந்த பொருளைப் பற்றியதன்று, இனிச் செய்யப்போவதைப் பற்றியது. அப்படிப்பட்ட சொல்லில் மூன்றாவதாக ஒன்றும் வேண்டும். சொன்னவன் சொன்ன இடத்திலேயே நிற்க வேண்டும்.

பொருத்திய பிறகும் கேள்வி தீர்வதில்லை. திரை வந்துவிட்டது, விண்டோஸ் ஏறிவிட்டது, இனி நம்பலாமா? மீமாம்சகர்கள் நம்பு என்பார்கள். எழுந்த அறிவு தன்னாலேயே செல்லும், அதை மறுக்கும் இன்னொரு அறிவு வரும்வரை சந்தேகிக்கக் காரணமில்லை என்பது குமாரிலர் கட்சி. நியாய நூலார் ஒப்ப மாட்டார்கள். செயலில் இறங்கிப் பயன் கிடைத்தால்தான் அறிவு உண்மை என்று உறுதியாகும் என்பார்கள். நான் பட்டறையில் நியாயக் கட்சி. ராத்திரி முழுக்க ராம் சோதனையை ஓடவிடுவேன், வீடியோ ரெண்டரிங்கைப் போட்டுச் சூட்டைப் பார்ப்பேன், ஸ்லீப்பில் போட்டு எழுப்பிப் பார்ப்பேன்.

ஆனாலும் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை 2019 ஜூலையில் பார்த்தோம். ரைசன் 3000 வரிசை வெளிவந்த நேரம். பிராசசரிடம் தற்செயல் எண் கேட்கும் ஆர்டிராண்ட் என்ற கட்டளை ஒன்று உண்டு. எண்ணைக் கொடுப்பதோடு, 'கொடுத்த எண் சரியானது' என்று ஒரு குறியையும் அது உயர்த்திக் காட்ட வேண்டும். அந்தப் பிராசசர்கள் எப்போது கேட்டாலும் எல்லா பிட்டும் 1 ஆக உள்ள அதே எண்ணைத் தந்தன. குறியையும் தவறாமல் உயர்த்தின. புதிய லினக்ஸ் பதிப்புகள் சில பூட் ஆகவில்லை. டெஸ்டினி 2 விளையாட்டு திறக்கவில்லை. மற்ற எல்லாம் ஒழுங்காக ஓடின. அந்த விளையாட்டை ஆடாதவர், விண்டோஸ் மட்டும் வைத்திருந்தவர், எத்தனை ராத்திரி சோதித்திருந்தாலும் தன் மெஷின் குறையற்றது என்றே முடிவு கட்டியிருப்பார். சாட்சி சத்தியம் செய்துகொண்டே தவறாகச் சொல்கிறது, கேட்பவரிடம் அதைப் பிடிக்க வழியில்லை. பயாஸ் திருத்தம் வந்தது, அதே சிலிக்கான் சரியாகச் சொல்லத் தொடங்கிவிட்டது. 2021இல் யுஎஸ்பி விட்டுவிட்டு இணைந்த குறையும், பூட்டுச் சாவிகளைக் காக்கும் ஃபர்ம்வேர் டிபிஎம் பயாஸ் சிப்போடு பேசும்போது சில நொடி மெஷின் திக்கிய குறையும் இதே வழியில்தான் தீர்ந்தன.

எல்லாக் குறையும் அப்படித் தீராது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில, தங்கள் உள்நிரலான மைக்ரோகோடில் இருந்த பிழையால் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கித் தங்களையே அரித்துக்கொண்டன. 2024 ஆகஸ்டில் திருத்தம் வந்தது. இனி அரிக்காமல் அது காக்கும், ஏற்கெனவே அரித்ததை மீட்காது. அதற்கு வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டினார்கள். சொல்லால் ஆற்ற முடியாத இடத்தில் பொருளை மாற்றித் தருவதும் சொன்ன இடத்தில் நிற்பதுதான்.

சித்தாந்தம் படிக்கிறவளுக்கு இது புதிதாகத் தோன்றாது. உயிர் தானாக அறியாது, அறிவித்தால் அறியும் என்பது மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டே சூத்திரத்தில் நிறுவிய கொள்கையின் உயிர்நாடி. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. ஆனால் உயிர் கூட நின்று காட்டாவிட்டால் திறந்த கண்ணும் காணாது. அந்த உயிருக்கும் இறைவன் கூட நின்று காட்ட வேண்டும். வகுப்பில் இதைக் கேட்ட அன்று பாடம் நடத்தும் ஐயாவிடம் ஒன்று கேட்டேன். ஒருமுறை காட்டினால் போதாதா, பிறகு உயிர் தானாகக் கண்டுகொள்ளாதா? அவர் சொன்ன பதில் இதுதான்: காட்டுவது ஒருநாள் நிகழ்ச்சியன்று, காட்டுகிறவன் விலகினால் அந்தக் கணமே காட்சியும் போகும். முத்தியிலும் அவன் காட்டத்தான் உயிர் காண்கிறது. உயிரின் அறிவு என்று தனியே எடுத்து வைக்க ஒன்றுமில்லை, உடனிருப்பே அறிவாக இருக்கிறது.

நிறுவனங்களை இறைவனோடு வைத்து நான் பேசவில்லை. காசுக்கு விற்பவர்கள் அவர்கள். அருள் விலைக்கு வருவதன்று. ஆனால் ஐயா சொன்னதைக் கேட்ட பிறகு, நம்பகம் என்பதைப் பொருளுக்குள் தேடுவதை விட்டுவிட்டேன். பெட்டியில் வரும் பிராசசருக்குள் நம்பகம் என்று எதுவும் அடைத்து வருவதில்லை. குறை தெரியவரும்போது யாரேனும் அங்கே இருப்பார்களா என்பதில்தான் அது இருக்கிறது. சோதனை அந்த இடத்தை நிரப்பாது. சந்தேகிக்காமல் இருப்பதும் நிரப்பாது.

அதனால் அந்தத் தம்பிக்கு நான் பட்டியலின் ஒரு வரியை மட்டும் காட்டவில்லை. அந்தப் போர்டுக்கு இதுவரை வந்த பயாஸ்களின் தேதிகளையும் காட்டினேன். விற்று முடித்துப் பல ஆண்டுகள் ஆன பின்னும், பாதுகாப்புக் குறை வெளிவந்தபோதெல்லாம் ஒன்று வந்திருந்தது. பிறகு விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரை நிறுத்தி வைத்து, மீட்புச் சாவியைத் தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். போர்டை யுபிஎஸ்ஸில் மாட்டி, பழைய 1600 இருக்கும்போதே பயாஸை ஏற்றினேன். அந்தச் சில நிமிடம் இருவரும் பேசவில்லை. 5600 போட்டதும் முதல் திரையில், புதிய பிராசசர் தெரிகிறது, பழைய டிபிஎம் பதிவை அழிக்கவா வைத்திருக்கவா, 'ஒய்'யா 'என்'னா என்று கேட்டது. முன்கூட்டியே சொல்லியிருந்தேன் என்பதால் அவர் பதறவில்லை.

கடைசி பயாஸ் வந்து ஆண்டுக்கணக்காகி, செய்தவன் கைவிட்ட போர்டுகளோடும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களிடம் பிராசசர் மாற்ற வேண்டாம் என்றே சொல்கிறேன், வியாபாரம் போனாலும். போர்டு தாங்கும், பழைய பயாஸ் மட்டும்தான் தடை என்று வருகிறவர்களுக்காக முதல் தலைமுறை ஏஎம்4 பிராசசர் ஒன்றை மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். 2018இல் ஏஎம்டியே இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு சின்னப் பிராசசரை இரவல் அனுப்பிப் பயாஸ் ஏற்றச் சொன்னது. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து என்னுடையதை வாங்கிப் போகிறார்கள். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.