இல்லமே முதற்பள்ளி

(ஆஷாடப் பௌர்ணமிக் கூட்டத்தில் ஆற்றிய அறவுரை)



இன்று ஆஷாடப் பௌர்ணமி. பகவான் காசிக்கு அருகேயுள்ள மான்வனத்தில், ஐவர் முன்னிலையில் தம்மச் சக்கரத்தை உருட்டிய நன்னாள். அப்பள்ளியில் மாணாக்கர் ஐவரே. கட்டடம் இல்லை, மணி இல்லை, கரும்பலகை இல்லை. ஆயினும் அங்கே தொடங்கிய பாடம் இருபத்தைந்து நூற்றாண்டுகளாக நடந்து வருகின்றது. ஆகலின் இன்று கல்வியைக் குறித்துப் பேசுதல் பொருத்தமேயாம். நான் பேச வந்தது பள்ளிக்கூடத்துக் கல்வியை அன்று. ஒற்றை அறைக்குள், அடுப்புப் புகைக்கும் கடன்காரர் குரலுக்கும் நடுவே, நாம் நம் மக்களுக்கு அறிந்தும் அறியாமலும் கொடுத்துவரும் கல்வியையே இன்று ஆராய்வோம்.

தாய் தந்தையரே பிரமன் என்றும், அவர்களே முதலாசிரியர் என்றும் பகவான் போதித்தார். பிறர் பிரமனை வானத்தில் தேடிக்கொண்டிருந்த காலத்தில், அவர் அப்பெயரை எடுத்து, பிள்ளையைச் சோறூட்டி வளர்க்கும் எளியவர்களுக்குச் சூட்டினார். சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கு உபதேசிக்கும்போது பெற்றோர் கடமைகள் ஐந்தென வகுத்தார். தீமையினின்று தடுத்தல், நன்மையில் நிலைநிறுத்தல், தொழிற்கல்வி பயிற்றல், தக்க துணையைச் சேர்த்தல், உரிய காலத்தில் உடைமையை ஒப்படைத்தல் என்பன அவை. இவ்வைந்தில் முதலிரண்டும் பள்ளி ஆசிரியரிடம் விடத்தக்கன அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அவை வீட்டிலேயே நடக்க வேண்டுவன. நாம் கற்பிக்காவிடினும் பிள்ளை கற்றுக்கொண்டேயிருக்கும். நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

"படிக்காத நாங்கள் எவ்வாறு கற்பிப்போம்?" என்று நம்மவர் கேட்பதுண்டு. நானும் பள்ளியில் நெடுநாள் இருந்தவன் அல்லேன். மில்லில் இரவு ஷிப்டு முடிந்து, பஞ்சுத் தூசி தலையில் படிந்தபடியே, பொட்டலம் கட்டிவந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்தவன். பள்ளிக் கதவு சாத்தப்பட்டிருந்த காலத்திலும் நம் முன்னோர் வீட்டில் கல்வியைக் காத்தார்கள். நம் சங்கத்தின் முன்னோடியாகிய அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) எழுதியுள்ளபடி, அவருடைய பாட்டனார் ஓர் ஆங்கிலத் துரையின் வீட்டில் பட்லராக இருந்தவர். அவர் வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடியே எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றது. ஊழியம் செய்தவர் வீட்டில் ஏடு இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

நாம் வாழும் இந்தப் பம்பாய் நகரத்திலேயே, மில்கள் நிறைந்திருந்த பரேலில், ஓர் ஒற்றை அறை இருந்தது. அதில் ஓய்வுபெற்ற சுபேதார் ராம்ஜி சக்பால் தம் குடும்பத்தோடு குடியிருந்தார். பிள்ளை முன்னிரவில் உறங்குவான், தந்தை விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையை எழுப்பிப் படிக்க உட்கார்த்திவிட்டு, அதன்பின் அவ்விடத்திலேயே தந்தை படுப்பார். புத்தகம் வாங்கக் காசில்லாதபோது, மணமாகிப் போன மகள்களிடம் சென்று கைம்மாற்று வாங்கி வருவார். சதாராவில் வகுப்பறையில் மற்றவரோடு சேராமல் கோணிப்பையின்மேல் தனித்து அமர்த்தப்பட்ட அப்பிள்ளை, 1907ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேறினான். அவரே போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கர். பள்ளி அவரைத் தள்ளி உட்காரவைத்தது; வீடு அவரை அருகில் உட்காரவைத்தது.

பூனாவில் ஜோதிராவ் புலே தம் மனைவி சாவித்திரிபாய்க்கு வீட்டிலேயே எழுத்தறிவித்தார். அவ்வம்மையாரோ 1848ஆம் ஆண்டு பெண்களுக்கான பள்ளியில் ஆசிரியையாக நின்றார். வீட்டுக்குள் ஒருவர் ஒருவருக்குக் கற்பித்தது, வெளியே பலருக்குப் பள்ளியாயிற்று.

நிற்க. பெரியோர் செய்தவற்றைச் சொல்லுதல் எளிது. நான் தவறிய இடத்தையும் சொல்லவேண்டும். இல்லையேல் இஃது அறவுரை ஆகாது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், கொரோனா நோயின் பொருட்டு நாடு அடைக்கப்பட்டது. பள்ளிகள் மூடின. என் இளைய மகளுக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டிலிருந்த கைப்பேசி ஒன்றே. அதுவும் மூத்தவனுக்கு வேண்டியிருந்தது. ஆகவே நானே அவளுக்கு ஆசிரியன் ஆனேன். காலையில் தண்ணீர் பிடித்து முடித்ததும் பாயை விரித்து உட்காருவோம். தமிழ் எழுத்து, பெருக்கல் வாய்பாடு, ஒரு தம்மக் கதை என்று மூன்று பாடம். முதல் மாதம் இனிதாகவே கழிந்தது. பின்பு கையிருப்புக் கரைந்தது. என் மனைவி வேலை செய்த வீடுகளில் அவளை வரவேண்டாம் என்றனர். என் தாயாரின் சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்குவதே பாடாயிற்று. அரிசி குறையக் குறைய வீட்டில் பேச்சு நீண்டது. பாயை விரிப்பது ஒருநாள் தவறியது. மறுநாள் எட்டு மணியாயிற்று. அடுத்த நாள் என் கோபத்தோடு தொடங்கியது.

அடைப்புத் தளர்ந்தபின் ஒருநாள் காலை, இராகுலனுக்குப் பகவான் உரைத்த பாடத்தை மகளுக்குச் சொன்னேன். அதனை நீங்களும் அறிவீர்கள். இராசகிருகத்துக்கு அருகே அம்பலட்டிகை என்னுமிடத்தில் இராகுலன் தங்கியிருந்தான். பகவான் அங்கே வந்தபோது, அவன் ஆசனமிட்டுக் கால்கழுவ நீர் வைத்தான். அவர் கால் கழுவியபின் பாத்திரத்தில் சிறிது நீரை மிச்சம் வைத்து, இதனைக் காண்கிறாயா என்று கேட்டார். அறிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவனிடம் உள்ள துறவு இவ்வளவே என்றார். பின்பு அந்நீரைக் கொட்டிக் காட்டினார். பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினார். நிமிர்த்தி அதன் வெறுமையைக் காட்டினார். விளையாட்டுக்கேனும் பொய் சொல்லாதிருக்கப் பயில்க என்றார். நானும் ஒரு தம்ளரில் நீர் வைத்து, கொட்டி, கவிழ்த்து, எல்லாம் செய்துகாட்டினேன். மகள் மகிழ்ந்து கேட்டாள்.

அன்று நண்பகலில் வாரக்கடன் வசூலிப்பவர் கதவைத் தட்டினார். என்னிடம் பணமில்லை. நான் திரைக்குப் பின்னே ஒதுங்கிக்கொண்டு, "அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்" என்று மகளை ஏவினேன். அவள் அவ்வாறே தடுமாறாமல் சொன்னாள். அவர் போய்விட்டார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

இரண்டு நாள் சென்றது. ஏழாம், எட்டாம் வாய்பாடுகளை எழுதிவிட்டதாக மகள் சொன்னாள். நோட்டைத் திறந்தேன்; வெறுந்தாள். அறிந்தே பொய் சொன்னாளே என்று கையை ஓங்கினேன். சமையல் மூலையிலிருந்து என் மனைவி எழுந்து வந்தாள். "அடிக்காதீர்கள். முந்தாநாள் நீங்கள் கொடுத்த பாடத்தை அவள் நன்றாகவே படித்திருக்கிறாள்" என்றாள்.

நண்பர்களே! மேடைகளில் தம்மத்தைப் பேசியவன் நான். அன்றைக்கு என் கை இறங்கியது. அதனினும் தாழ்வாக என் தலை இறங்கியது. ஒரே நாளில் நான் இரண்டு பாடம் நடத்தியிருந்தேன். தம்ளரைக் கொண்டு வாயால் நடத்திய பாடம் ஒன்று. திரைக்குப் பின்னிருந்து நடத்திய பாடம் மற்றொன்று. குழந்தை இரண்டாவதையே எடுத்துக்கொண்டாள். கவிழ்ந்த பாத்திரம் நானே என்று உணர்ந்தேன்.

இராகுலனுக்கு உரைத்த பாடத்தில் பின்பகுதி ஒன்று உண்டு. கண்ணாடி எதற்கு என்று பகவான் கேட்டார். பார்ப்பதற்கு என்றான் அவன். அவ்வாறே, செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும், இது எனக்கேனும் பிறர்க்கேனும் தீங்கு தருமா என்று பார்த்துப் பார்த்துச் செய்க; தவறிவிட்டால் மறையாமல் வெளிப்படுத்தி, இனிக் காத்துக்கொள்க என்று அருளினார். நான் முன்னும் பார்க்கவில்லை, நடுவிலும் பார்க்கவில்லை. பின்னால் பார்ப்பதொன்றே எஞ்சியிருந்தது.

மறுநாட் காலையில் மகளை அழைத்துக்கொண்டு அடுத்த சந்திலிருந்த அவர் வீட்டுக்குச் சென்றேன். "அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன். பிள்ளையைப் பொய் சொல்லவைத்தேன். பணமில்லை, தவணையைப் பாதியாக்கிக் கொடுங்கள்" என்றேன். அவர் மனம் நெகிழ்ந்து கடனைத் தள்ளிவிட்டார் என்று நினைக்கவேண்டாம். பிள்ளையின் எதிரிலேயே என்னைக் கடுமையாக ஏசினார். ஏச்செல்லாம் ஓய்ந்தபின் பாதித் தவணைக்கு ஒத்துக்கொண்டார். அடைத்து முடிக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. அக்கணக்கை மகளிடமே கொடுத்தேன். வாரந்தோறும் கொடுத்ததைக் கழித்து, மீதியை அவள் எழுதுவாள். கழித்தற் கணக்கை அவள் கற்றது அந்தக் கடன் நோட்டில்தான்.

அன்றுமுதல் அவள் பொய்யே சொல்லவில்லை என்று நான் சொன்னால், அதுவும் ஒரு பொய்யாகும். ஆனால் அவளை முன்னே விட்டு நான் திரைக்குப் பின்னே ஒளிவது அன்றோடு நின்றது. தவறு செய்தால் சொல்லலாம், சொன்னால் வீடு இடிந்துவிடாது என்பதையும் அவள் நேரில் கண்டுகொண்டாள்.

இவ்வனுபவத்திலிருந்து நான் கற்றவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன்.

முதலாவது, சிறிதாயினும் நாள்தோறும் கற்பிக்க வேண்டும். தறியில் பாவு நூலை அளவுக்கு மிஞ்சி இழுத்தால் அறுந்துவிடும், தளர்த்தினால் சிக்கிக்கொள்ளும். சோணன் என்னும் பிக்குவுக்குப் பகவான் வீணை நரம்பைக் காட்டி இதனையே போதித்தார். வீட்டில் சண்டை வந்த நாளிலும், விருந்து வந்த நாளிலும் அரைமணி நேரம் பாய் விரியட்டும். ஒருநாள் தவறினால் மனம் சோரவேண்டாம். நூல் அறுந்ததற்காக எவனும் மில்லை மூடுவதில்லை. முடிச்சிட்டு மேலே ஓட்டுகிறான்.

இரண்டாவது, கோபம் வந்தபோது புத்தகத்தை மூடிவிட வேண்டும். கோபத்தோடு நடத்தும் பாடத்தில் பிள்ளை கற்பது கோபத்தையே.

மூன்றாவது, மந்தமான பிள்ளையை இகழலாகாது. சூளபந்தகன் நான்கு மாதம் முயன்றும் ஒரு பாட்டை மனப்பாடம் செய்ய இயலாதவன். உடன்பிறந்த தமையனே அவனை விகாரையைவிட்டுப் போகச் சொன்னான். பகவானோ அவன் கையில் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்து, அழுக்கு நீங்குக என்று சொல்லித் தேய்க்கச் சொன்னார். தேய்க்கத் தேய்க்கத் துணி அழுக்காவதைக் கண்டு, அவன் நிலையாமையை உணர்ந்து அருகதன் ஆனான். பாட்டால் திறவாத கதவு துணியால் திறந்தது. உங்கள் பிள்ளைக்குரிய துணி எதுவென்று தேடுங்கள்.

நான்காவது, வீட்டுக் கல்வி பள்ளிக்குத் துணையேயன்றிப் பகையன்று. 2009ஆம் ஆண்டின் சட்டப்படி ஆறு முதல் பதினான்கு வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி பிள்ளைகளின் உரிமை. நோயினாலோ வேறு இடையூற்றினாலோ படிப்பு நின்றுபோனவர்கள், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே வீட்டிலிருந்து படித்துப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறலாம். ஆனால் வீட்டிலேயே படிக்கட்டும் என்று சொல்லிப் பெண்பிள்ளையைப் பாத்திரம் துலக்கவும் தம்பியைத் தூக்கவும் நிறுத்திவைப்பது கல்வியன்று, களவு. அவளுடைய உடைமையை நாமே திருடுவதாகும்.

ஐந்தாவது, தமிழெழுத்தை வீட்டில் கற்பியுங்கள். தெருவில் இந்தியும் மராத்தியும் தாமே வரும். பள்ளியில் ஆங்கிலம் வரும். தமிழ் நம் பாயில் அமர்ந்தாலன்றி வாராது. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பண்டிதரின் 'புத்தரது ஆதிவேதம்' பூட்டிய பெட்டியேயாகும்.

உபாசக உபாசிகைகளே! இன்றுமுதல் வர்ஷாவாசம் தொடங்குகின்றது. இம்மூன்று மாதமும் நம் விகாரைகளில் பாபாசாகேப் அருளிய 'புத்தரும் அவர் தம்மமும்' நூலைப் படித்து வருவது வழக்கம். இவ்வாண்டு ஒன்றைக் கூட்டிக்கொள்வோம். விகாரையில் கேட்டதை வீட்டில் பிள்ளைக்கு ஒருமுறை சொல்லுங்கள். சொன்னபின், அன்றைக்கு நீங்கள் செய்த ஒரு தவற்றையும் மறையாமல் சொல்லுங்கள். கால்கழுவிய பாத்திரமே பகவானுக்குப் பாடநூல் ஆயிற்று. நமக்கு நம் வாழ்வே பாடநூல். அதனைப் பிள்ளை ஏற்கெனவே திறந்து படித்துக்கொண்டிருக்கிறது.

யாவர்க்கும் மங்களம் உண்டாகுக!

நமோ புத்தாய! ஜெய் பீம்!