நடுவு நிலைமையும் நம் மண்ணும்

தம் மண்ணின் வரலாற்றைத் தாமே எழுதுவோர் அதனை நடுவு நிலையில் நின்று எழுத இயலுமா?

பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை வெளிவந்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் அறிஞர் பெருமக்கள் ஆக்கினர். 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ எவரும் எழுதலாம். ஊதியம் இல்லை, ஒருவர் எழுதியதைப் பிறர் திருத்தவும் கூடும். பாலக்காட்டின் சித்தூர் பற்றியோ, இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பற்றியோ நாமும் எழுதலாம்.

இங்குதான் இடர் எழுகின்றது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அவ்வரலாற்றை எழுத அமரும் தமிழர் நெஞ்சில் ஆறாத வடு உண்டு. ‘தமிழர் பெருந்தொகையாய் வாழ்ந்த மண்’ என்றெழுதக் கை விரையும். ‘திருவிதாங்கூரின் பகுதி, தேயிலைத் தோட்டங்களுக்குக் குடிவந்தோர் பலர்’ என்னும் மறுதரப்பு வாதத்தை எழுதக் கை தயங்கும். அத்தயக்கத்தில்தான் நம் அறம் சோதிக்கப்படுகின்றது.

நடுவு நிலைமை என்பது பற்றின்மை அன்று. பற்றில்லாதவர் இம்மலையூர்களைப் பற்றி எழுதவே முன்வரார். பற்று எழுதத் தூண்டுக; சான்று எழுத்தை ஆளுக. ‘எம் வாதத்தை உள்ளவாறே உரைத்தனர்’ என மறுதரப்பார் ஒப்புமாறு எழுதுதலே நடுவு நிலைமை. மலையாள விக்கிப்பீடியாவில் எழுதும் அண்டை வீட்டாருக்கும் இக்கடன் உண்டு. ஆயினும் அவர் முதலில் செய்யட்டும் என நாம் காத்திருத்தல் தகாது.

ஒருதலையாய் எழுதிய வரலாறு நம் பிள்ளைகளை வீட்டில் மகிழ்விக்கும். பிறர் நிறைந்த அவையிலோ தலைகுனிய வைக்கும்.