வரம்போரத்துப் பூக்களைப் பாருங்கள்



மாரி ஓய்ந்து தை, மாசி பிறந்ததும் நமது வன்னி நிலம் புத்தாடை உடுத்துகிறது. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டுக் குளக்கட்டுகளின் ஓரமாக நடந்து பாருங்கள். வெண்தும்பையும் மஞ்சள் ஆவரசும் புல்லுக்குள் நீலப் பொட்டாக விஷ்ணுகிராந்தியும் பூத்திருக்கும். இவற்றைக் கடந்துதான் பூசைக்கு வருகிறோம். ஆனால் பார்க்கிறோமா?

வயல்வெளி மலர்களைக் கவனித்துப் பார்க்கும்படி ஆண்டவர் சொன்னார். பொழுது மிஞ்சியவர்களுக்கு அல்ல, நாளைய உணவையும் உடையையும் எண்ணிக் கலங்கிய ஏழைகளுக்கே சொன்னார். இன்று பூத்து நாளை அடுப்புக்குப் போகும் புல்லைப் பற்றி அவர் பேசினார். சருகு வைத்து அடுப்பு மூட்டும் நமது தாய்மாருக்கு இது நன்கு விளங்கும்.

“2009ஆம் ஆண்டில் எல்லாவற்றையும் இழந்தோம், காணாமற்போன பிள்ளையை இன்னும் தேடுகிறோம். எங்களுக்கா பூவைக் காட்டுகிறீர்கள்?” என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆண்டவர் பூவைக் காட்டித் துயரத்தை மூடி மறைக்கவில்லை. லாசருவின் கல்லறையருகே அவரும் அழுதார். நாம் செட்டிகுளத்து முகாம்களில் இருந்தபோதும் ஆளற்ற நமது முற்றங்களில் தும்பை பூத்தது. அது இழந்தவர்களைத் திருப்பித் தராது. ஆயினும், நாம் கைவிட்டு ஓடிய நிலத்தைத் தந்தை கைவிடவில்லை என்பதற்கு அது சாட்சி.

நீரோரம் ஊசித்தும்பியையும் பாருங்கள். பெருந்தும்பி சிறகை விரித்தபடி அமரும். ஊசித்தும்பிகளில் பெரும்பாலானவை சிறகை முதுகின்மேல் மடித்துக்கொள்ளும். அதன் இளம்பருவம் தண்ணீருக்குள் கழிகிறது. காலம் வந்ததும் புல்தண்டில் ஏறி, பழைய தோலைப் பிளந்து, சிறகோடு வெளிப்படுகிறது. வெறும் கூடு தண்டிலேயே ஒட்டிக்கிடக்கும். சேற்றில் கிடந்தபோது அது வானத்தை அறிந்திருக்குமா? தவக்காலத்தில் நடக்கும் நமக்கு உயிர்ப்பை நினைவூட்ட இதைவிட எளிய பாடம் எது?

பாப்பரசர் பிரான்சிஸ் 2015 தை 14ஆம் நாள் மடு அன்னையின் திருத்தலத்துக்கு வந்தார். அவ்வாண்டே வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ என்னும் சுற்றுமடலில், மடத்துத் தோட்டத்தின் ஒரு பகுதியைக் காட்டுப்பூக்களுக்காக விட்டுவைக்குமாறு புனித பிரான்சிஸ் அசிசியார் கேட்டதை நினைவூட்டினார்.

நாமோ வரம்பு முழுவதும் களைநாசினி தெளிக்கிறோம். பூவோடு, நுளம்பைத் தின்னும் தும்பியும் அழிகிறது. இவ்வாண்டு உங்கள் வளவில் ஒரு மூலையையாவது தெளிக்காமல் விடுங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளோடு குளக்கட்டில் நடந்து, ஒவ்வொரு பூவின் பெயரையும் சொல்லிக்கொடுங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் கால் வைக்க வேண்டாம். பழகிய பாதையை விட்டு விலகவும் வேண்டாம். பெயர் தெரியாத பூவைக் கண்டால், “இதையும் படைத்தவரே, எங்களையும் நினைத்தருளும்” என்று சேர்ந்து செபியுங்கள்.

ஆமென்.