புண்ணியத்துக்கு ஓர் ஆள்

"உங்களுக்குப் புண்ணியமா போகும் டீச்சர்." ஒன்றாம் வகுப்பில் அந்தப் பையனைச் சேர்த்த அன்று அவன் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது. ஊரில் சிலர் போன ஜென்மத்துப் பாவம் என்றார்கள். பாவம் அவனுக்கு, புண்ணியம் எனக்கு! ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் வருவதற்கு இத்தனை பெரிய கணக்கா என்று அன்றைக்கே உறுத்தியது.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி அது. ஐந்து வகுப்புக்கு நாங்கள் இரண்டே பேர். பையனுக்குப் பேச்சு வரவில்லை, ஆட்டிசம். தண்டவாளத் துண்டில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் செவ்வாய்தோறும் வருவார். முதல் வாரம் அந்த இரும்பைத் தொட்டுப் பார்க்க வைத்தார். அடுத்த வாரம் விரல் நுனியால் தட்ட வைத்தார். பிறகு துணி சுற்றிய கட்டையால். இரண்டு மாதத்தில் இடைவேளை மணியை அவனே அடித்தான், செவ்வாய்க்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில் அவனைக் கழிப்பறைக்கு அழைத்துப் போனது சத்துணவு ஆயா, பருப்பை அடுப்பில் விட்டுவிட்டு.

வினைப்பயன் உண்டா இல்லையா, எனக்குத் தெரியாது. உண்டு என்றே வைத்துக்கொண்டாலும், புதன்கிழமை அவனை யார் அழைத்துப் போவது என்பதற்கு அதில் பதில் இல்லை.

2022இல் மத்திய அரசு ஒரு கணக்குச் சொன்னது: தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர். நல்ல கணக்குதான். ஆனால் எங்கள் பக்கம் அந்தப் பத்துப் பேரும் ஒரே பள்ளியில் இருப்பதில்லை, ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கிறார்கள். சிறப்பாசிரியரின் வாரத்தில் பாதி பஸ்ஸிலேயே கழியும். சம்பளமும் தொகுப்பூதியம்தான்.

ஆண்டு விழாவில் பேச வந்த ஒரு பெரியவர் சிறப்பாசிரியருக்குப் பொன்னாடை போர்த்தி, கைம்மாறு கருதாத சேவை என்று வள்ளுவரை இழுத்தார். எனக்குச் சுருக்கென்றது. வள்ளுவர் ஒப்புரவுக்கு, அதாவது ஊருக்கு உதவும் கடமைக்கு, 22ஆம் அதிகாரம் வைத்து, ஈகையை 23க்குத் தள்ளியவர். ஒப்புரவுக்கு அவர் காட்டுவது மழை, ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம். அந்தக் கடமை இருக்கப்பட்டவர்களுக்கு, ஊருக்கு. தொகுப்பூதியத்தில் பஸ் ஏறி வருகிற பெண்ணைப் பார்த்து மழையாக இரு என்றால் அது என்ன நியாயம்? சேவை, புண்ணியம் என்று பேர் வைத்துவிட்டால் சம்பளம் கேட்க வாய் வராது. இன்னொன்று எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது: தர்மம் கொடுப்பவர் நினைத்த நாளில் நிறுத்திக்கொள்ளலாம், வாங்குபவர் ஏன் என்று கேட்க முடியாது.

மறு வருஷம் சிறப்பாசிரியர் தொடர்ந்து மூன்று வாரம் வரவில்லை. வேறு பணிக்கு அனுப்பிவிட்டார்களாம். நாலாவது செவ்வாய், பாட்டி பள்ளி வாசலில் வெற்றிலையைத் துப்பிவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"மூணு செவ்வா ஆச்சு. அந்தம்மா எங்க? எங்க புள்ளைக்கு யாரு வருவா?"

குரலில் கும்பிடு இல்லை. புண்ணியத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வள மையத்து போன் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கண் சரியாகத் தெரியாது, பெருசா எழுதுங்க என்றார். எழுதினேன்.